நல்லூரிலே ஒரு காலை நடை

ஊர் பார்க்கப் போகிறோம் என்றால் நம்மவர்க்கு முதலில் நினைவுக்கு வருவன கண்டியும் நுவரெலியாவும் அநுராதபுரமுமே. கல்லூரி மாணவரை ஏற்றிக்கொண்டு விடியற்காலையில் புறப்படும் பஸ் வண்டி செம்மணி வளைவைத் தாண்டியதும், பின்னாற் கிடப்பது பார்க்கத் தக்கதன்று என்பதுபோல எல்லோரும் முன்னே நோக்கியிருப்பர். யாழ்ப்பாணத்து அரசரின் தலைநகர் எங்கே இருந்தது என்று அவர்களைக் கேட்டால், நல்லூர் என்று பாடப்புத்தகத்தில் உள்ளபடி தயங்காமல் விடை சொல்வர். நல்லூரில் எங்கே என்று கேட்டால் மௌனந்தான்.

இந்த மௌனத்தைக் கலைக்கவேண்டி, உயர்தர வகுப்பு மாணவர் சிலரை அழைத்துக்கொண்டு ஒரு சனிக்கிழமை காலை நாம் நல்லூரை நடந்தே பார்த்தோம். அரைநாட் போதும், வண்டி வேண்டியதில்லை, செலவு என்று சொல்லத்தக்கது தாகத்துக்கு வாங்கிய இளநீர் மாத்திரமே. குடையும் குறிப்புப் புத்தகமும் கொண்டுவரும்படி முன்னரே சொல்லியிருந்தோம். குடையை மறந்தவர் பலர். கைத்தொலைபேசியை மறந்தவர் ஒருவருமில்லை. இந்த வழியே வாசகர்களும் தம் பிள்ளைகளை அழைத்துச் செல்லலாம் என்ற எண்ணத்தோடு, கண்டவற்றையும் கேட்டவற்றையும் இங்கே எழுதுகின்றோம். கண்டது வேறு, கேட்டது வேறு. நல்லூரிலே இந்த இரண்டையும் பிரித்தறிவதே பெரிய வேலை.

யாழ்ப்பாணப் பட்டினத்திலிருந்து பருத்தித்துறை வீதி வழியாக வடகிழக்கே செல்வோர்க்கு முதலில் எதிர்ப்படுவது கந்தசுவாமி கோயில். ஆடி அமாவாசை கழிந்த ஆறாம் நாள் கொடியேறி, ஆவணி அமாவாசைத் தீர்த்தத்தோடு நிறைவுறும் இருபத்தைந்து நாள் மகோற்சவத்தை அறியாத தமிழ்க் குடும்பம் இந்நாட்டில் இராது. அந்நாட்களில் இங்கே வந்து வரலாறு பேசப் புகுவது வீண், காதில் விழாது. சாதாரண நாளொன்றில், காலைப் பூசை முடிந்து வீதியில் சனம் குறைந்திருக்கும் வேளையே ஏற்றது. தெற்கே 2011 ஆம் ஆண்டிலும் வடக்கே 2015 ஆம் ஆண்டிலும் எழுந்த ஒன்பது நிலை இராசகோபுரங்களைப் பார்த்துவிட்டு, இது அரசர் காலத்துக் கோயில் என்று எண்ணுவோர் பலர். அவ்வாறன்று. இப்போதைய கோயில் அமைந்த நிலம் குருக்கள் வளவு எனப்படும். ஒல்லாந்தர் ஆட்சியில், 1734 ஆம் ஆண்டளவில், இரகுநாத மாப்பாண முதலியாரின் முயற்சியால் இங்கே கோயில் எழுந்தது. அன்று முதல் அவருடைய வழித்தோன்றல்களே கோயிலைப் பரிபாலித்து வருகின்றனர். அரசர் வணங்கிய கோயில் இங்கிருந்து சற்றுத் தூரத்திலே இருந்தது. அந்த இடத்துக்கும் பின்னர்ப் போவோம்.

ஆயினும் அரசர் காலத்து எச்சம் ஒன்று இந்தக் கோயிலில் இன்றும் உண்டு. அது கல்லன்று, சொல். பூசை வேளையிற் கூறப்படும் கட்டியத்தைக் கூர்ந்து கேட்டால், இரகுநாத மாப்பாண முதலியாரின் பெயரோடு சிறீசங்கபோதி புவனேகவாகு என்னும் பெயரும் வருவதைக் கேட்கலாம். எம்மோடு வந்த மாணவி ஒருத்தி, "சேர், இது சிங்கள அரசரின் பெயர்போல இருக்கிறதே" என்றாள். பெயர்போல இருப்பது மட்டுமன்று. சிறீசங்கபோதி என்பது தென்னிலங்கை அரசர் தரித்த பட்டப் பெயரே.

இந்தப் புவனேகவாகு யார் என்பதில் அறிஞரிடையே நெடுங்கால விவாதம் உண்டு. மாதகல் மயில்வாகனப் புலவர் ஒல்லாந்த அதிகாரி ஒருவரின் வேண்டுகோளுக்கிணங்கி 1736 ஆம் ஆண்டளவில் எழுதிய யாழ்ப்பாண வைபவமாலை, புவனேகவாகு என்னும் மந்திரி ஒருவனைக் கூறுகிறது. சகாப்தம் 870, அதாவது கிறித்து ஆண்டு 948 என்று காலங்காட்டும் பழைய தனிப்பாடல் ஒன்றும் வழங்குகிறது. அத்துணை பழைமையை ஆராய்ச்சியாளர் ஏற்பதில்லை. பெரும்பாலோர் சுட்டுவது வேறொருவனை. கோட்டை அரசனான ஆறாம் பராக்கிரமபாகுவின் வளர்ப்பு மகன் சப்புமல் குமாரயா. தமிழிலே செண்பகப் பெருமாள். அவன் 1450 ஆம் ஆண்டளவில் யாழ்ப்பாணத்தை வென்று, ஏறத்தாழப் பதினேழு ஆண்டுகள் நல்லூரில் இருந்து ஆண்டான். பின்னர் 1467 இல் தெற்கே திரும்பி, புவனேகபாகு என்ற பெயருடன் கோட்டையிற் சிம்மாசனமேறினான். வென்று வந்தவன் எழுப்பியதோ புதுக்கியதோ ஆகிய கோயிலில், தோற்ற நாட்டு மக்களின் வாரிசுகள் அவன் பெயரை ஐந்நூறு ஆண்டுகளுக்குப் பின்னும் வாழ்த்திக்கொண்டிருக்கின்றனர். இதனை எந்தத் தரப்பு அரசியலாரும் மேடையிற் சொல்லி நாம் கேட்டதில்லை.

செண்பகப் பெருமாள் நல்லூரில் இருந்த நாட்களில், இலங்கையின் தென்முனையாகிய தெவுந்தரையிலிருந்து ஒரு பிக்கு அவனுக்குத் தூதுக்கவி ஒன்று பாடினார். கோகில சந்தேசய என்பது அதன் பெயர். குயில்விடு தூது என்று நம் மொழியிற் சொல்லலாம். தெற்கிலிருந்து கடற்கரையோரமாகப் பறந்து வரும் குயிலுக்கு, வழியிலுள்ள ஊர்களையெல்லாம் சொல்லி, முடிவிலே யாழ்ப்பாணத் தலைநகரின் மாளிகைகளையும் வீதிகளையும் அது வருணிக்கிறது. கவிக்கூற்று எனக் கழிக்கவேண்டியதைக் கழித்தாலும், அன்றைய நல்லூரைப் பற்றி எமக்குக் கிடைக்கும் அரிய சித்திரங்களில் அது ஒன்று. நல்லூரை முதலிற் சுற்றிப் பார்த்த உல்லாசப் பிரயாணி ஒரு குயில் என்று சொன்னபோது மாணவர் சிரித்தனர். ஆனாற் குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொண்டனர்.

கோயில் வீதியை விட்டுப் புறப்படுமுன் இன்னொரு செய்தியையும் சொல்லவேண்டும். அதைச் சொல்லாமல் அழைத்துச் செல்வோரும் உண்டு. நாம் அவ்வாறு செய்யவில்லை.

இந்தப் பக்கத்திலே முற்காலத்தில் முஸ்லிம் மக்கள் வாழ்ந்தனர் என்பதும், அவர்கள் இருந்த நிலம் சோனகன் தோப்பு எனப்பட்டது என்பதும் பழைய வழக்கு. இஸ்லாமியப் பெரியார் ஒருவரின் சமாதி குருக்கள் வளவில் இருந்தது, அங்கே வழிபட வருவோர்க்கென மேற்குப் புறத்தில் ஒரு வாயில் விடப்பட்டிருந்தது என்று முதியோர் சொல்லக் கேட்டிருக்கின்றோம். இது செவிவழிச் செய்தி. செவிவழிச் செய்தியாகவே இதைக் கொள்ளவேண்டும். ஆனால் அவர்கள் இங்கிருந்து எவ்வாறு போயினர் என்பதை யாழ்ப்பாண வைபவமாலையே எழுத்திற் சொல்கிறது. கந்தசுவாமி கோயிலை மீண்டும் எடுப்பிக்க விரும்பியவர்கள், அந்த நிலத்திலிருந்த சோனகரை விலைகொடுத்து எழுப்பப் பார்த்தார்களாம். அவர்கள் இணங்கவில்லை. அதன்மேல் அவர்களுடைய கிணறுகளிலே பன்றி இறைச்சியைப் போட்டுவிட்டார்கள். குடிக்கத் தண்ணீரின்றி அம்மக்கள் எழுந்து நாவாந்துறைப் பக்கமாகப் போய்க் குடியேறினர் என்பது நூலின் கூற்று. எழுதியவர் சைவப் புலவர். தம்மவர்மீது வீண்பழி சுமத்த அவருக்குக் காரணம் ஒன்றுமில்லை.

இதைக் கேட்டவுடன் மாணவரிடையே சிறிது நேரம் பேச்சில்லை. பின் ஒருவன், "அந்த நாளில் அப்படி; இப்போது அப்படி நடக்குமா?" என்றான். அவன் 1990 ஆம் ஆண்டுக்குப் பல வருடம் பின்னர்ப் பிறந்தவன். அவ்வாண்டு ஒக்டோபர் இறுதியில் யாழ்ப்பாணத்து முஸ்லிம் மக்கள் அனைவரும் விடுதலைப் புலிகளால் இரண்டு மணி நேர அவகாசத்தில் வெளியேற்றப்பட்டதை அவனுக்குச் சொன்னோம். பிறந்த வீட்டின் திறப்பைக் கொடுத்துவிட்டு, கையில் அகப்பட்டதோடு பட்டினத்தை விட்டுப் போனவர்கள் அவர்கள். அவர்களிற் பலர் புத்தளத்து முகாம்களிலே பல வருடங்களைக் கழித்தனர். அதற்கு முன்னிருந்த நாட்களில் எம் வகுப்புகளிலே அவர்களின் பிள்ளைகள் பக்கத்து வாங்கில் இருந்து படித்ததையும் சொன்னோம். நல்லூரின் வரலாறு பறங்கியர் எமக்குச் செய்த கொடுமை மட்டுமே என்று பிள்ளைகளுக்குக் கற்பிப்பது அரைப் பாடம். அரைப் பாடத்துக்குப் பரீட்சையிலே புள்ளி கிடைக்கலாம். நல்லூர் வீதியில் நின்றுகொண்டு அதைச் சொல்ல எமக்கு மனம் வரவில்லை.

இனி, வடகிழக்கே நடப்போம். சிறிது தூரத்தில் முத்திரைச்சந்தை. அரச முத்திரை பதித்த பண்டங்கள் விலைப்பட்ட சந்தை இது என்று பெயர்க்காரணம் கூறுவர். இங்கே குதிரைமேல் வாளேந்தி நிற்கும் சங்கிலிய மன்னனின் சிலை 1974 இல் நிறுவப்பட்டது. இப்போது காண்பது 2011 இல் புதிதாக அமைக்கப்பட்டது. சங்கிலி என்னும் பெயருடையோர் இருவர் இருந்தனர் என்பதை மாணவர் பெரும்பாலும் குழப்பிக்கொள்கின்றனர். முதலாம் சங்கிலி 1519 முதல் 1561 வரை ஆண்டவன். 1560 இல் கோவையிலிருந்து போர்த்துக்கேய இராசப்பிரதிநிதி கொன்ஸ்தந்தீனு த பிரகன்சா பெருங்கப்பற்படையோடு வந்து நல்லூரைப் பிடித்தபோது, நகரை விட்டு விலகிச் சென்று, பின்னர் மக்கள் கிளர்ச்சியின் துணையோடு அவர்களை வெளியேற்றியவன் அவனே. மற்றவன் சங்கிலி குமாரன். 1619 இல் பிலிப் த ஒலிவேறாவின் படையிடம் தோற்றுச் சிறைப்பட்டு, கோவைக்குக் கொண்டுசெல்லப்பட்டு, அங்கே மரண தண்டனைக்கு உள்ளானவன். யாழ்ப்பாண அரசு அவனோடு முடிந்தது. சிலையிலே இருப்பவன் இவருள் யார் என்று கேட்டால், கூடியிருப்போரிடம் இரண்டு விடையும் கிடைக்கும்.

சந்தைக்கு அருகே யாக்கோபு ஆலயம், அதாவது அங்கிலிக்கன் திருச்சபையின் நல்லூர்க் கோயில், மர நிழலில் அமைதியாக நிற்கிறது. அரசர் வணங்கிய கந்தசுவாமி கோயில் இருந்த இடம் இதுவே என்பது பெரும்பாலோர் கொண்ட முடிபு. 1621 இல் ஒலிவேறா தன் இருப்பிடத்தை நல்லூருக்கு மாற்றியபோது முதலிற் செய்த காரியம் அக்கோயிலை அத்திவாரத்தோடு இடித்ததாகும். அதை இடிக்கவேண்டாம் என்று ஊரவர் வந்து மன்றாடினர் என்பதையும், அந்த மன்றாட்டமே அவனுடைய உறுதியை மிகுவித்தது என்பதையும் நம்மவர் யாரும் எழுதவில்லை. போர்த்துக்கேயப் பாதிரியாரான குவேறோஸ் எழுதி வைத்திருக்கிறார். இடித்த கற்கள் பண்ணைக் கடலோரத்துக் கோட்டைக்குப் போயின என்பது ஊர்ப்பேச்சு. போர்த்துக்கேயர் கட்டிய கோட்டையை ஒல்லாந்தர் 1658 இல் பிடித்து மாற்றிக் கட்டினர். ஆகையால் எந்தக் கல் எங்கே போயிற்று என்று இன்று எவரும் துணிந்து கூற இயலாது.

மாணவருள் சிலர்க்கு இந்த இடத்தில் நிற்பதே சங்கடமாக இருந்தது என்பதை முகத்திற் கண்டோம். ஆனால் ஆலயத்தை வெறும் வெற்றிச் சின்னமாகப் பார்த்துவிட்டுத் திரும்புவது பெரும் பிழை. இடித்தவர் வேறு, இருநூறு ஆண்டுகள் கழித்து இங்கே வந்து இருந்தவர் வேறு. ஆங்கிலேயத் திருச்சபை மிசனைச் சேர்ந்த யோசேப்பு நைற் என்னும் பாதிரியார் 1818 இல் நல்லூருக்கு வந்தார். 1823 இல் அவர் தொடங்கிய நல்லூர் ஆங்கிலப் பாடசாலையே பின்னர்ச் சுண்டிக்குளிக்கு மாறி, பரியோவான் கல்லூரி என இன்று நாம் அறியும் பெருங்கல்லூரியாயிற்று. யாழ்ப்பாணத்துக்கு முதலில் வந்த அச்சியந்திரங்களுள் ஒன்று இயங்கியதும் நல்லூரிலேதான். அது வந்த கதையும் வேடிக்கையானது. அமெரிக்க மிசனுக்காக 1820 இல் அச்சியந்திரத்தோடு ஓர் அச்சகர் வந்திறங்கினார். ஆங்கிலத் தேசாதிபதி பார்ண்ஸ் அவரை நாட்டில் இருக்க விடவில்லை. ஆள் போனார், யந்திரம் நின்றது. அது நல்லூர் மிசனாரின் கைக்கு வந்தது. 1834 இன் பின்னரே அமெரிக்க மிசனார் மானிப்பாயில் தம் அச்சுக்கூடத்தை நடத்தத் தொடங்கினர்.

இவற்றினும் பெரிது ஒன்றுண்டு. நைற் பாதிரியார் தமிழ்ச் சொற்களைத் தொகுக்கத் தொடங்கினார். உள்ளூர்ப் புலவர்களின் துணையோடு ஓலைச்சுவடிகளிலும் பேச்சிலும் இருந்து சொற்களைத் திரட்டி, பொருள் எழுதி, ஆண்டாண்டாகச் சேர்த்தார். வேலை முடியுமுன் 1840 இல் இறந்துபோனார். அவர் தேடிய பொருள் அவரோடு அழியவில்லை. அதிலிருந்து 1842 இல் யாழ்ப்பாண அகராதி வெளிவந்தது. மானிப்பாய் அகராதி என்றும் அதைச் சொல்வர். பின்னர் வின்சுலோ ஐயர் 1862 இல் சென்னையில் வெளியிட்ட, அறுபத்தேழாயிரத்துக்கு மேற்பட்ட சொற்களைக் கொண்ட பேரகராதிக்கும் அத்தொகுப்பே அடிப்படையாயிற்று. இன்று சொற்பொருள் தேடும் எந்தத் தமிழ் மாணவனும் ஏதோ ஒரு வழியில் நல்லூரிலே தொடங்கிய அந்த வேலையின் பயனை அநுபவிக்கிறான்.

நல்லூரில் வாழ்ந்த இன்னொரு சொல்லாராய்ச்சியாளரையும் மறத்தலாகாது. கத்தோலிக்கக் குருவாகிய சுவாமி ஞானப்பிரகாசர் 1875 இல் மானிப்பாயிற் பிறந்தவர். நல்லூரில் நெடுங்காலம் இருந்து 1947 இல் மறைந்தவர். பன்மொழி வல்லவர். சொற்பிறப்பு ஒப்பியல் தமிழ் அகராதி என்னும் பெருநூலைத் தொடங்கி, ஒரு பகுதியை வெளியிட்டார். 1928 இல் அவர் எழுதிய யாழ்ப்பாண வைபவ விமர்சனம், வைபவமாலையின் கதைகளை ஒவ்வொன்றாக எடுத்து, கொள்ளத்தக்கது இது, தள்ளத்தக்கது இது என்று காட்டுகிறது. 1822 இல் நல்லூரிற் பிறந்த ஆறுமுக நாவலர் கத்தோலிக்கரோடும் புரட்டஸ்தாந்தரோடும் ஓயாது வாதிட்டார் என்பது உலகறிந்தது. நல்லூர்க் கந்தசுவாமி கோயிலில் ஆகம முறை வழுவுகிறதென்று தம்மவரோடும் அவர் அவ்வாறே வாதிட்டார் என்பதைப் பலர் வசதியாக மறந்துவிடுகின்றனர். கந்தசுவாமி கோயிலருகே நாவலர் மணிமண்டபம் இருக்கிறது. ஒரே ஊரில், நடந்து செல்லும் தூரத்துக்குள், இத்துணைச் சொல்லும் எதிர்ச்சொல்லும்!

வீதியில் மேலும் சென்றால் சங்கிலித்தோப்பு வளைவு தோன்றும். பூவேலைப்பாடுள்ள தூண்களோடு தனியே நிற்கும் நுழைவாயில் இது. உள்ளே மாளிகை இல்லை. அரண்மனை வாயில் என்று தாள்களிலும் படங்களிலும் அச்சிட்டு விற்கின்றனர். நிலம் அரசருடையது என்பதைப் பெயரே சொல்கிறது, ஐயமில்லை. ஆனால் வளைவின் அமைப்போ ஒல்லாந்தர் காலத்தது என்பது கட்டடக்கலை அறிந்தோர் கருத்து. இதைச் சொன்னவுடன், படம் பிடித்துக்கொண்டிருந்த மாணவன் ஏமாற்றத்தோடு தொலைபேசியைச் சட்டைப்பையில் வைத்துவிட்டான். முந்நூறு வயதுடைய வாயில் ஒன்று அவனுக்குப் போதவில்லை!

அடுத்தது மந்திரிமனை. மேல்மாடியும் மரவேலைப்பாடும் கொண்ட பழைய வீடு. அரசனின் மந்திரி வாழ்ந்த இல்லம் என்பது ஊர்வழக்கு. காணும் கட்டடத்தின் வளைவுகளும் தூண்களும் ஐரோப்பியச் சாயலைத் தெளிவாகக் காட்டுகின்றன. பழைய மனை இருந்த நிலத்திற் பின்னாளிற் கட்டப்பட்டதாக இருக்கலாம் என்று கொள்வதில் தவறில்லை. இங்கிருந்து அரண்மனைக்கும், அங்கிருந்து யமுனா ஏரிக்கும் நிலத்தின் கீழே சுரங்கவழி ஓடுகிறது என்பதைப் பக்கத்து வளவிலிருந்த முதியவர் ஒருவர் எமக்கு உறுதியாகக் கூறினார். "நீங்கள் கண்டதுண்டோ, ஐயா?" என்று ஒரு பையன் வினவினான். "நான் காணேல்லைத் தம்பி, என்ரை பேரன் கண்டவர்" என்றார் அவர். பேரன் என்று அவர் சொன்னது பாட்டனாரை. சுரங்கவழியைக் கண்டவர் எப்போதும் இரண்டு தலைமுறைக்கு முன்னரே இருப்பர். இலங்கையில் எந்தப் பழங்கோட்டைக்குப் போனாலும் இந்தச் சுரங்கம் நம்மைத் தொடர்ந்து வருகிறது.

சிரிப்புக்கு அப்பால், மந்திரிமனையின் நிலை கவலைக்குரியது. கூரை நீங்கிய இடங்களில் மழை இறங்குகிறது, சுவரிலே வேர் பிளந்து செல்கிறது, மரம் உக்குகிறது. பாதுகாக்கப்பட்ட சின்னம் என்ற பெயர் இருந்தும், 2025 ஆம் ஆண்டு மழையில் ஒரு பகுதி சரிந்து வீழ்ந்தது. அரசருடையதன்று, பிற்காலத்தது என்று நாம் மேலே எழுதியதை யாரேனும் இதனைக் கைவிடுவதற்குக் காரணமாகக் கொள்வாராயின் அது எமக்குச் சம்மதமன்று. யாழ்ப்பாணத்துத் தச்சரும் கொத்தரும் ஐரோப்பியர் கொண்டுவந்த வடிவத்தைத் தம் கைக்குப் பழக்கிக்கொண்ட விதத்தைக் காட்ட நல்லூரிலே இதுபோல வேறு வீடு இல்லை. சுவரில் தம் பெயரையும் காதலியின் பெயரையும் கரியால் எழுதிச் சென்றவர்களைப் பற்றி இங்கே ஒன்றும் சொல்லாது விடுகின்றோம். அவர்களுள் எம் மாணவர் இல்லை என்பதை மட்டும் பார்த்து உறுதிசெய்துகொண்டோம்.

சங்கிலித்தோப்பின் பின்புறத்தே வளவுகளுக்கூடாகச் செல்லும் ஒழுங்கையில் நடந்தால் யமுனா ஏரியை அடையலாம். ஏரி என்ற பெயரை நம்பிப் பெரிய நீர்ப்பரப்பை எதிர்பார்ப்போர் ஏமாறுவர். இது கல்லாற் கட்டிய கேணி. ஆனால் வழக்கமான சதுரக் கேணியன்று. ‘ப’ என்னும் எழுத்தைப்போல மூன்று பக்கமாக மடிந்து கிடக்கிறது. அரசன் கங்கைக்கு அடுத்த புண்ணிய நதியாகிய யமுனையின் நீரைக் காவடிகளிற் சுமப்பித்துக் கொண்டுவந்து இதிலே ஊற்றினான் என்று வைபவமாலை கூறுகிறது. அரண்மனைப் பெண்கள் நீராடிய இடம் என்றும் சொல்வர். கரையிலிருந்து உட்கார்ந்து பார்த்தால், வளைவையும் மனையையும் பற்றி எழும் ஐயம் இங்கே எழுவதில்லை. அடுக்கிய கல்லும் இறங்கும் படியும் நல்லூர் அரசரோடு நம்மை நேராகக் கொண்டுபோய் விடுகின்றன. மாரி கழிந்து நீர் நிறைந்திருக்கும் தை, மாசி மாதங்களே இதனைக் காண உகந்தவை. கோடையிற் சென்றால், பாசியையும் பிளாஸ்ரிக் போத்தல்களையுமே காண நேரும்.

ஏரிக்கரையில் இருந்தபடியே, காணமுடியாத ஒன்றையும் மாணவருக்குச் சொன்னோம். நல்லூர் அரசர் காலத்திலே சரஸ்வதி மகாலயம் என்னும் நூல்நிலையம் இருந்தது என்பதும், அது தீக்கிரையாயிற்று என்பதும் பரம்பரைச் செய்தி. அது எங்கே இருந்தது என்பதைக் காட்ட ஒரு கல்லுமில்லை. ஆனால் அக்காலத்துக் கல்வி கட்டுக்கதையன்று. செகராசசேகரம், பரராசசேகரம் என்னும் வைத்திய நூல்களும், செகராசசேகரமாலை என்னும் சோதிட நூலும், காளிதாசனைத் தழுவி அரசகேசரி பாடிய இரகுவமிசமும் இன்றும் அச்சிலே கிடைக்கின்றன. நூல்நிலையம் எரிவது யாழ்ப்பாணத்துக்குப் பழகிய துன்பம் என்பதை, 1981 ஆம் ஆண்டின் யூன் முதலாந் திகதி விடியலில் யாழ்ப்பாணப் பொதுநூலகத்தின் சாம்பல் காற்றிற் பறந்ததைக் கண்டவர்கள் அறிவார்கள்.

இராசதானியின் எல்லையை மனதிற் கொண்டுவர வேண்டுமாயின் நான்கு கோயில்களையும் சுற்றிவரவேண்டும். கிழக்கே வெயிலுகந்த பிள்ளையார், தெற்கே கைலாசபிள்ளையார், மேற்கே வீரமாகாளியம்மன், வடக்கே சட்டநாதர் என நகரைக் காக்க நான்கு திசையிலும் அரசன் கோயில் அமைத்தான் என்பது வைபவமாலைச் செய்தி. போருக்குப் புறப்படுமுன் அரசர் தம் வாளை வீரமாகாளியின் முன் வைத்து வணங்குவர் என்று அப்பக்கத்தார் சொல்வர். இப்போதைய கட்டடங்கள் பிற்காலத்தவை. கோயில்கள் இடிந்தும் எழுந்தும் மாறின, திசைகள் மாறவில்லை. நான்கையும் ஒரே காலையில் நடப்பது இளையோர்க்கு இயலும். எமக்கு முழங்கால் இடந்தரவில்லை. வடக்கே சட்டநாதர் கோயிலோடு நிறுத்திக்கொண்டோம். எஞ்சிய மூன்றையும் மாணவர் சைக்கிளிற் சென்று பார்த்துவிட்டு, ஒவ்வொன்றிலும் கோயிலைச் சேர்ந்தவர்கள் சொன்ன கதையை எழுதிவந்தனர்.

அதோடு வேறொரு வேலையும் கொடுத்தோம். பண்டாரக்குளம், குருக்கள் வளவு, சங்கிலித்தோப்பு, இராச வீதி என்று நல்லூரின் காணிப் பெயர்கள் அரசரையும் அவரைச் சுற்றியிருந்தோரையும் இன்னும் சுமந்துகொண்டிருக்கின்றன. ஒல்லாந்தர் காணிகளையெல்லாம் தோம்பு என்னும் பதிவேட்டில் எழுதிவைத்தனர். அந்தப் பெயர்கள் தலைமுறை தலைமுறையாக உறுதிகளிலே படியெடுக்கப்பட்டு வந்துள்ளன. வீட்டில் அலுமாரிக்குள் இருக்கும் உறுதியைத் தாய் தந்தையரின் அநுமதியோடு எடுத்து, காணியின் பெயரையும், அப்பெயர் வந்த காரணமாக வீட்டு மூத்தோர் சொல்வதையும் எழுதிவரும்படி சொன்னோம். சண்டையிலும் இடப்பெயர்விலும் உறுதியை இழந்தோர், அப்பு ஆச்சியின் வாயிற் கேட்டு எழுதலாம். வீதிகளுக்கு இலக்கமும் புதுப்பெயரும் வந்துவிட்ட இந்நாளில், இன்னும் பத்துப் பதினைந்து வருடங்களில் அவற்றைச் சொல்வாரைத் தேடவேண்டியிருக்கும்.

இருபத்துமூன்று பேர் எழுதிவந்தனர். அவற்றுள் பதினொரு பெயர் வளவு என்றும், நான்கு தோட்டம் என்றும், இரண்டு சீமா என்றும் முடிகின்றன. ஒன்றின் பொருள் எமக்கும் விளங்கவில்லை; பொருள் அறிந்த முதியவரைத் தேடி வரும் சனிக்கிழமை அந்தப் பிள்ளையோடு கொக்குவிலுக்குப் போவதாக இருக்கின்றோம்.